ஈறோரத்தில் எந்தப் பிடிப்பு நிலைக்கும்?

பல்லும் ஈறும் சேரும் கோட்டை ஒட்டி, பல்லின் வெளிப்பக்கத்தில் ஆப்பு போலவோ ஆழமில்லாத கிண்ணம் போலவோ ஒரு தேய்வு விழுந்திருப்பதை நடுத்தர வயதைக் கடந்த பலரிடம் காணலாம். அங்கே சொத்தை இருக்காது. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசும். பிரஷ்ஷை அழுத்திக் குறுக்காகத் தேய்ப்பது, கரியும் செங்கல்தூளும் கலந்த சொரசொரப்பான பொடிகள், அடிக்கடி குடிக்கும் புளிப்புப் பானங்கள், வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் அமிலம் ஆகியவை இதற்குக் காரணங்கள். கடிக்கும் விசையில் பல்லின் கழுத்துப் பகுதி வளைந்து சிதைகிறது என்ற கருத்தும் உண்டு. அது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. இப்படிப்பட்ட பள்ளத்தைப் பல் மருத்துவர் அடைத்துவிடுகிறார். சிலருக்கு அந்த அடைப்பு பத்தாண்டு தாண்டியும் அசையாமல் இருக்கிறது. சிலருக்கோ இரண்டு மூன்று ஆண்டுகளில் முழுத் துண்டாகக் கழன்று விழுந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டில் மருத்துவரின் கைத்திறனுக்கும் நோயாளியின் வாய்க்கும் பங்குண்டு. ஆனால் அடைப்பைப் பல்லோடு பிணைக்கும் முறைக்கே பெரிய பங்கு இருக்கிறது என்பதை அரை நூற்றாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஈறோரத்தில் வெல்வது முதல் நாள் மிக இறுக்கமாகப் பிடிக்கும் முறை அன்று. பல்லின் உட்பொருளை மிகக் குறைவாகக் குலைத்து, அதன் கனிமத்தோடு வேதியியல் உறவு கொள்ளும் முறையே வெல்கிறது. அந்த ஆய்வுகளிலிருந்து பெற வேண்டிய முதன்மையான பாடம் இதுவே.

ஈறோரம் ஏன் இவ்வளவு கடினமான இடம்? கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் உள்ள குழிக்குச் சுவர்கள் உண்டு. அடைப்பு அவற்றுக்கிடையே சிக்கி நிற்கும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் வகுத்த பழைய முறையில், குழியின் அடிப்பகுதியை வாயைவிட அகலமாகக் குடைந்து அடைப்பை வெளியே வரவிடாமல் செய்வார்கள். அதற்காக நல்ல பல்லையும் வெட்ட வேண்டியிருந்தது. ஈறோரத் தேய்வோ விரிந்து திறந்த பள்ளம். அடைப்பைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் எதுவும் இல்லை. ஒட்டு ஒன்றே ஆதாரம். பள்ளத்தின் மேல் விளிம்பு பல்லின் வெளியுறையான எனாமல். கீழ் விளிம்பு பல்லின் உட்பொருளான டென்டின், அல்லது வேரைப் போர்த்திய மெல்லிய சிமென்டம். ஒரே அடைப்பு இரண்டு முற்றிலும் வேறான பரப்புகளைப் பற்ற வேண்டும். ஈறு பக்கத்திலேயே இருப்பதால் அதன் பிளவிலிருந்து கசியும் திரவமும், சில சமயம் இரத்தமும், எந்நேரமும் எச்சிலும் வேலையில் குறுக்கிடும். பல ஆண்டுகளாகத் தேய்ந்த டென்டினின் மேற்பரப்பு கனிமம் ஏறி, கண்ணாடிபோல் பளபளத்து இறுகியிருக்கும். அமிலம் அதில் எளிதில் ஏறாது. இத்தனை இடர்களும் ஒன்றுகூடும் இடம் என்பதாலேயே, ஒட்டுப்பொருள்களை மனிதர் வாயில் சோதிப்பதற்கு ஆய்வாளர்கள் இந்தப் பள்ளங்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே ஓர் அடைப்பு நின்றால், ஒட்டினால்தான் நின்றது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பல்லில் ஒட்டும் கலை எனாமலில் தொடங்கியது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பணியாற்றிய மைக்கேல் புவனகோர், உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கருத்தில் கொண்டு, அதே அமிலத்தை எனாமல் மேல் பூசிப் பார்த்தார். 1955-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அமிலம் பட்ட எனாமலில் அக்ரிலிக் பிசின் முன்பைவிடப் பல மடங்கு நேரம் ஒட்டியிருப்பதைக் காட்டியது. எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அமிலம் அந்தப் படிகங்களைச் சீரற்ற ஆழங்களுக்கு அரித்து, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகளை உண்டாக்குகிறது. நீர்மமாக உள்ள பிசின் அவற்றுக்குள் புகுந்து இறுகும்போது பிரிக்க முடியாத பிணைப்பு உருவாகிறது. 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவென் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசின், இன்று பல்லின் நிறத்தில் கிடைக்கும் காம்போசிட் அடைப்புகளுக்கு அடித்தளம் ஆனது. எனாமலைப் பொறுத்தவரை பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஈடான வழி இன்றுவரை வரவில்லை. எனாமல் நிறைந்த இடத்தில் பெற்ற இந்த வெற்றியை அப்படியே டென்டினுக்கும் கொண்டுபோகலாம் என்று எண்ணியதிலிருந்துதான் சிக்கல்கள் தொடங்கின.

டென்டின் உயிருள்ள, ஈரமான பொருள். எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் கனிமம், 20 சதவீதம் கரிமப் பொருள், மீதி நீர். அந்தக் கரிமப் பொருளில் பெரும்பங்கு கொலாஜன் நார்கள். பல்லின் நடுவேயுள்ள கூழிலிருந்து வெளிநோக்கி நுண்குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் அவை பல்லாயிரம். அவற்றின் வழியே திரவம் சிறு அழுத்தத்தோடு வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. எனவே எவ்வளவு ஊதி உலர்த்தினாலும் டென்டின் உள்ளிருந்து ஈரமாகும். ஜப்பானில் தகாவோ ஃபுசயாமா 1979-இல் எனாமலோடு டென்டினையும் சேர்த்து அமிலத்தால் அரிக்கும் முறையை முன்வைத்தபோது, அது பற்கூழைக் கொன்றுவிடும் என்ற அச்சம் மேலை நாடுகளில் பரவலாக இருந்தது. நொபுவோ நகபயாஷி குழுவினர் 1982-இல் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார்கள். அமிலம் மேற்பரப்புக் கனிமத்தைக் கரைத்த பிறகு எஞ்சும் கொலாஜன் வலைக்குள் பிசின் ஊடுருவி இறுகி, பாதி பல்லும் பாதி பிசினுமான ஒரு கலப்புப் படலம் உருவாகிறது. டென்டினில் ஒட்ட முடியும் என்பதற்கு இதுவே விளக்கமாயிற்று. அரித்து, கழுவி, முன்பூச்சு தடவி, பிறகு பிசின் பூசும் மூன்று படி முறை இதிலிருந்து வளர்ந்தது. முன்பூச்சையும் பிசினையும் ஒரே குப்பியில் அடைத்த இரண்டு படி முறை பின்னால் வந்தது.

இந்தக் கலப்புப் படலத்தின் பலவீனம் அது உருவாகும் விதத்திலேயே இருக்கிறது. 35 அல்லது 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம் 15 நொடிகளில் டென்டினின் மேல் சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்குக் கனிமம் முழுவதையும் கரைத்துவிடுகிறது. எஞ்சும் நார்வலை நீரில் மிதந்தால்தான் விரிந்து நிற்கும். காற்றை ஊதி உலர்த்தினால் சுருண்டு படிந்து பிசினுக்கு வழிவிடாது. ஈரத்தை மிகுதியாக விட்டால் பிசின் நீர்த்துப்போய் அரைகுறையாக இறுகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சரியான ஈரத்தை, எச்சிலும் ஈறுத் திரவமும் சூழ்ந்த குழியில், ஒவ்வொரு முறையும் பிசகாமல் பிடிப்பது கடினம். அது கைகூடினாலும் அமிலம் போன ஆழத்தின் கடைசிவரை பிசின் போய்ச் சேர்வதில்லை. அடியில் கனிமமும் இல்லாமல் பிசினும் இல்லாமல் வெறும் கொலாஜன் நார்கள் நீரில் நின்றுவிடுகின்றன. டென்டின் உருவான காலத்திலிருந்தே அதற்குள் உறங்கிக் கிடக்கும் நொதிகள் சில அமிலத்தின் தொடுகையில் விழித்துக்கொள்கின்றன. காப்பற்ற அந்த நார்களை அவை மெல்ல மெல்ல வெட்டிச் சிதைக்கின்றன. பாக்டீரியா எதுவும் இல்லாமலே கொலாஜன் இப்படிச் சிதைவதை டேவிட் பேஷ்லியும் உடனாய்வாளர்களும் 2004-இல் காட்டினார்கள். மறுபக்கம் பிசினும் நீரை உறிஞ்சி நீராற்பகுப்படைகிறது. முதல் நாள் உறுதியாகத் தோன்றிய பிணைப்பு இருபுறமும் கரையத் தொடங்குகிறது.

இதற்கு மாற்றாக வந்தது தானே அரிக்கும் ஒட்டுப்பொருள். தனியாக அமிலம் பூசிக் கழுவாமல், அமிலத்தன்மையுள்ள பிசின் மூலக்கூறுகளே அரிக்கும் வேலையையும் ஊடுருவும் வேலையையும் ஒருசேரச் செய்கின்றன. அரித்த ஆழமும் பிசின் போகும் ஆழமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைவதால், காப்பற்ற நார்கள் குறைகின்றன. இவற்றிலும் இரு வகை உண்டு. அமிலத்தன்மை கடுமையானவை பாஸ்பாரிக் அமிலத்தைப் போலவே கனிமத்தை ஆழமாகக் கரைக்கின்றன. ஆனால் கழுவாமல் விடுவதால் கரைந்த கால்சியம் உப்புகள் அங்கேயே தங்கி நிலையற்ற அடுக்காகின்றன. மென்மையானவையோ ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள் நின்றுவிடுகின்றன. கொலாஜனைச் சுற்றிக் கனிமப் படிகங்கள் பெருமளவு எஞ்சியிருக்கின்றன. ஜப்பானின் குராரே நிறுவனம் உருவாக்கிய 10-எம்.டி.பி. என்ற மூலக்கூறு இந்தப் படிகங்களிலுள்ள கால்சியத்தோடு அயனிப் பிணைப்பு கொள்கிறது. அப்படி உருவாகும் உப்பு நீரில் எளிதில் கரைவதில்லை; அது நானோ அளவு அடுக்குகளாகப் படிவதை யசுஹிரோ யோஷிடாவின் குழு ஆய்வில் காட்டியிருக்கிறது. துளையில் புகுந்து கோத்துக்கொள்ளும் பிடிப்போடு வேதியியல் பிடிப்பும் சேர்கிறது. கனிமத்தைக் கரைத்து அகற்றிய இடத்தில் இத்தகைய பிணைப்புக்குக் கால்சியமே மிஞ்சாது.

இந்தக் கொள்கையைப் பிசினே இல்லாமல் இன்னும் முன்பே நடைமுறைப்படுத்தியது கிளாஸ் அயனோமர் சிமென்ட். லண்டனில் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்த பொருள் இது. அலுமினியம், சிலிகான், ஃப்ளோரைடு கலந்த கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலக் கரைசலும் வினைபுரிந்து இறுகுகின்றன. அந்த அமிலத்தின் நீண்ட சங்கிலியிலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் பல்லின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணைகின்றன. சங்கிலி நீளமாக இருப்பதால் பல்லுக்குள் ஆழமாகப் புக இயலாது. மேற்பரப்பிலேயே நின்று பல இடங்களில் ஒருசேரப் பற்றுகிறது. இறுகும் வினைக்கு நீர் தேவை என்பதால் டென்டினின் இயல்பான ஈரம் இதற்குப் பகையாவதில்லை. வெப்பத்தில் விரியும் அளவும் பல்லுக்கு நெருங்கியது. சூடான காபிக்கும் குளிர்ந்த நீருக்கும் பல்லோடு சேர்ந்தே விரிந்து சுருங்குவதால் விளிம்பில் இழுபறி குறைகிறது. ஃப்ளோரைடையும் மெதுவாக வெளிவிடுகிறது. பின்னர் இதில் ஒளியால் இறுகும் பிசினைக் கொஞ்சம் சேர்த்து, வலுவும் தோற்றமும் மேம்பட்ட வகையை உருவாக்கினார்கள். கிளாஸ் அயனோமர்களில் ஈறோர அடைப்புகளுக்கு இன்று மிகுதியாகப் பயன்படுவது அந்தக் கலப்பு வகை.

கோட்பாடு இப்படிச் சொல்கிறது. மனித வாய் என்ன சொல்கிறது? பெல்ஜியத்தின் லுவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்லின் பியூமன்ஸ், பார்ட் வான் மீர்பேக் முதலியோர் ஈறோரத் தேய்வுகளில் நடந்த மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2005-இலும், விரிவுபடுத்தி 2014-இலும் ஆய்வுரைகள் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையிலும் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை சதவீத அடைப்புகள் தோல்வியடைகின்றன என்று கணக்கிட்டார்கள். 2014 தொகுப்பில் கிளாஸ் அயனோமர் 2.0 சதவீதத்தோடு முதலிடம். மென்மையாகத் தானே அரிக்கும் இரண்டு படி முறை (அரிக்கும் முன்பூச்சும் பிசினும் தனித்தனி) 2.5, அமிலம் பூசிக் கழுவும் மூன்று படி முறை 3.1, மென்மையாகத் தானே அரிக்கும் ஒரு படி முறை (இரண்டும் ஒரே பூச்சில்) 3.6. அதற்குப் பிறகு எண்கள் தாவி ஏறுகின்றன: கடுமையாகத் தானே அரிக்கும் ஒரு படி முறை 5.4, அமிலம் பூசிக் கழுவும் இரண்டு படி முறை 5.8, கடுமையாகத் தானே அரிக்கும் இரண்டு படி முறை 8.4. ஓரிரு சதவீத வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுதோறும் அதே விகிதம் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்தாண்டு முடிவில் நூறு அடைப்புகளில் 2.0 சதவீத முறையில் 82 எஞ்சும், 5.8 சதவீத முறையில் 55, 8.4 சதவீத முறையில் 42 மட்டுமே. பட்டியலின் இருமுனைகளையும் பாருங்கள். மேலே நிற்பவை கனிமத்தை விட்டுவைத்து அதோடு வேதியியலால் பிணைபவை. கீழே கிடப்பவை ஆழமாகக் கரைப்பவை, அல்லது படிகளைச் சுருக்கியவை.

இதற்கு எழும் முதல் மறுப்பு ஆய்வகத்திலிருந்து வருகிறது. பிடுங்கிய பல்லில் ஒட்டி, இயந்திரத்தால் இழுத்து அளந்தால், நல்ல பிசின் ஒட்டுகள் 20 மெகாபாஸ்கலுக்கும் மேல் தாங்குகின்றன. கிளாஸ் அயனோமர் பெரும்பாலும் 10-க்குள்ளேயே முறிந்துவிடுகிறது. மிகக் குறைந்த வலிமை கொண்டது மிக நீண்ட காலம் நிலைக்கிறது என்பது முரண் அல்லவா? விடை முறிவின் இடத்தில் இருக்கிறது. அந்தச் சோதனைகளில் கிளாஸ் அயனோமர் பல்லிலிருந்து கழல்வது குறைவு. சிமென்ட்டே நடுவில் பிளந்து, பல்லின் மேல் ஒரு படலத்தை விட்டுச் செல்கிறது. அளக்கப்பட்ட எண் சிமென்ட்டின் சொந்த வலிமையே; அதற்கும் பல்லுக்கும் இடையிலான பிணைப்பு அதைவிட உறுதியானது. மேலும் ஆய்வகச் சோதனை பெரும்பாலும் ஒட்டிய மறுநாளே நடக்கிறது. அது பிடிப்பின் உச்சத்தை அளக்கிறதே தவிர ஆயுளை அளப்பதில்லை. ஈறோரத்தில் அடைப்பை ஒரே இழுப்பில் பிடுங்கும் விசை எதுவும் இல்லை. நீர், நொதி, வெப்ப மாற்றம், ஒவ்வொரு கடியிலும் நேரும் சிறு வளைவு என்று ஆண்டுக்கணக்கில் தொடரும் தேய்மானமே எதிரி. பிசின் ஒட்டுகளையும் பல மாதம் நீரில் ஊறவைத்த பின் அளந்தால்தான் அந்த அளவு வாயில் நடப்பதோடு ஓரளவு பொருந்துகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: இந்தச் சராசரிகள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கைகளில், வெவ்வேறு கால அளவில் நடந்த சோதனைகளின் கலவை, அவற்றை நம்பித் தீர்ப்பு சொல்லலாமா? ஒரே வகைக்குள்ளும் பொருளுக்குப் பொருள் வேறுபாடு பெரிது. மென்மையான ஒரு படி முறையில் அந்தச் சிதறல் சராசரியைவிடவே அதிகம். நன்றாக நிலைத்தவையும் விரைவில் கழன்றவையும் அந்த வகையில் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே ஒரு தசமப் புள்ளி வேறுபாட்டை வைத்து இரண்டு முறைகளைத் தரவரிசைப்படுத்துவது தவறு. ஆனால் 2-க்கும் 8-க்கும் இடையிலான தூரத்தை அப்படிக் கழித்துவிட முடியாது. ஒன்பது ஆண்டு இடைவெளியில் தொகுத்த இரண்டு ஆய்வுரைகளிலும் கிளாஸ் அயனோமரே முதலிடம் பெற்றது என்பதும் இந்தப் பாங்கு தற்செயலன்று என்பதற்குச் சான்று. ‘பொருளைவிடக் கைதான் முக்கியம்’ என்ற வாதமும் இங்கேதான் வருகிறது. அது உண்மையே, பளபளக்கும் தேய்ந்த டென்டினை ஒட்டுமுன் லேசாகச் சுரண்டிக் கரடாக்குவது போன்ற கவனங்கள் அடைப்பின் ஆயுளைக் கூட்டுகின்றன என்பதற்குத் தொகுப்பாய்வுகளில் ஆதாரம் உண்டு. ஆனால் கை முக்கியமென்றால், கையின் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் முறையைத் தேர்வதே அறிவு. ஈரத்தைத் துல்லியமாகக் கணிக்கச் சொல்லும் முறையைவிட ஈரத்தோடு ஒத்துப்போகும் முறை பரபரப்பான மருத்துவமனைக்கு ஏற்றது.

மூன்றாவது மறுப்பு: கழலாமல் இருப்பது மட்டும் வெற்றியா? இல்லை. கிளாஸ் அயனோமர் காலப்போக்கில் தேய்கிறது, மேற்பரப்பு சொரசொரப்பாகிறது, நிறம் பல்லோடு முழுதும் ஒன்றுவதில்லை. சிரிக்கும்போது தெரியும் முன்பல்லில் காம்போசிட்டின் அழகை நாடுவது நியாயமானதே. மென்மையாகத் தானே அரிக்கும் முறைக்கும் ஒரு குறை உண்டு. டென்டினுக்குப் போதுமான அந்த மென்மை எனாமலுக்குப் போதாது. மேல் விளிம்பில் சிறு பிளவுகளும் கறைகளும் தோன்றுகின்றன. இதற்கான தீர்வு இந்தக் கட்டுரையின் வாதத்தையே உறுதிப்படுத்துகிறது. எனாமல் விளிம்பில் மட்டும் பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி, டென்டினை மென்மையான ஒட்டுக்கு விட்டுவிடுவது. லுவென் குழு எம்.டி.பி. கொண்ட இரண்டு படி ஒட்டை இரு விதமாகவும் 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இரு பிரிவுகளிலும் பெரும்பாலான அடைப்புகள் நிலைத்திருந்தன. எனாமலைத் தனியாக அரித்த பிரிவில் மேல் விளிம்புக் குறைகள் குறைவு. கனிமமே நிறைந்த பரப்புக்கு வலுவான அமிலம், கொலாஜன் கலந்த பரப்புக்கு மென்மை என்று பரப்புக்கேற்ப முறையைப் பிரிப்பதே சரி. 2011 முதல் சந்தைக்கு வந்த ‘யுனிவர்சல்’ ஒட்டுகளில் பலவும் எம்.டி.பி. கொண்டவை, எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சொல்லி விற்கப்படுபவை. ஆனால் எனாமலைத் தனியாக அரிக்காமல் பயன்படுத்தும்போது அவையும் பின்தங்குவதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. ஒரே குப்பி என்ற வசதிக்காக அந்த ஒரு படியைத் தவிர்ப்பது இலாபமில்லை.

அழகான கோட்பாடுகள் எல்லாம் வாயில் பலித்துவிடுவதில்லை என்பதையும் இதே ஆய்வுகள் கற்பிக்கின்றன. பல் வளைவதால் அடைப்பு கழல்கிறது என்றால், வளைந்துகொடுக்கும் மென்மையான காம்போசிட் நன்றாக நிலைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். சோதனைகளில் தெளிவான ஆதாயம் தெரியவில்லை. கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவி அடக்கலாம் என்ற எண்ணம் ஆய்வகத்தில் சிறப்பாகப் பலித்தது. ஈறோர அடைப்புகளின் ஆயுளை அது நீட்டியதாக மருத்துவச் சோதனைகள் காட்டவில்லை. மென்மையான வேதியியல் பிணைப்பு என்ற கோட்பாட்டை நாம் ஏற்பது, அது கேட்க நன்றாக இருப்பதால் அன்று. நோயாளிகளின் வாயில் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டுத் தேறியதால்தான்.

இந்த முடிவு நடைமுறையில் சில கடமைகளைச் சுட்டுகிறது. முதலாவது, எல்லாத் தேய்வையும் அடைக்க வேண்டியதில்லை. கூச்சம் தீராமல் இருந்தால், பள்ளம் ஆழமாகிப் பல்லை நலிவாக்கினால், சொத்தை தொடங்கினால், அல்லது தோற்றம் ஒருவரை வருத்தினால் அடைக்கலாம். அழுத்தித் தேய்க்கும் பழக்கமும் அமிலமும் மாறாமல் எந்த ஒட்டும் காப்பாற்றாது. அடைப்பின் ஓரத்தில் பல் மேலும் தேய்ந்துகொண்டே போகும். இரண்டாவது, யாருக்கு அடைக்கிறோம் என்பதைப் பொறுத்து முறை மாற வேண்டும். ஈறு இறங்கி வேர் வெளிப்பட்ட முதியவர்களுக்கு வேரில் சொத்தை வரும் வாய்ப்பு அதிகம். எனாமலைவிட டென்டின் மெலிதான அமிலத்திலேயே கரையத் தொடங்குகிறது. வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்று எச்சில் வற்றிப்போனவர்களின் நிலை இன்னும் கடினம். வாய்ப்புற்று மிகுந்த நம் நாட்டில் இவர்களின் எண்ணிக்கை சிறிதன்று. இவர்களுக்கு ஈறோரத்தை முழுதாக உலர்த்தி வைப்பது கடினம், ஃப்ளோரைடின் துணையும் தேவை. கிளாஸ் அயனோமர் வகையே பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எச்சில் மிகவும் வற்றிய வாயில் அதுவும் அரிபடும் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, விலையைத் தரத்தின் அளவுகோலாக்கும் பழக்கம் மாற வேண்டும். ‘சாதா சிமென்ட்’ என்று நோயாளிகள் குறைவாக எண்ணுவதும், பளபளப்பான காம்போசிட்டை உயர்ந்தது என்று கேட்டு வாங்குவதும் வழக்கமாகிவிட்டது. ஈறோரத்தில் ஆதாரம் அந்தச் சிமென்ட்டின் பக்கமே வலுவாக இருக்கிறது. காம்போசிட்தான் தேவை என்றால், மென்மையாகத் தானே அரிக்கும் இரண்டு படி ஒட்டும் எனாமல் விளிம்பில் தனி அமிலமுமாக அதைச் செய்ய வேண்டும். அதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். படிகளைக் குறைத்துச் சேமிக்கும் அந்த நிமிடங்களுக்கான விலையைக் கழன்ற அடைப்போடு திரும்பி வரும் நோயாளிதான் கொடுக்கிறார். ஒவ்வொரு முறை திரும்ப அடைக்கும்போதும் பல்லில் கொஞ்சம் குறைகிறது. குறைந்த பல் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே ஈறோர அடைப்பைப் பற்றிப் பேசும்போது ‘எது இறுக்கமாகப் பிடிக்கும்?’ என்பதை விட்டு, ‘பத்தாண்டு கழித்து எது அங்கே இருக்கும்?’ என்று மருத்துவரும் நோயாளியும் கேட்கப் பழக வேண்டும். விடையளிக்கப் போதுமான ஆதாரம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.